கிருஷ்ணகிரியில் வீடு, பெங்களூருவுக்குள் எப்போதாவது கார் வேண்டும்: செல்ஃப் டிரைவ் ஆப்பில் சேர்ந்தால் போதுமா, சொந்தமாக வாங்க வேண்டுமா?

கேட்டவர் இருப்பது கிருஷ்ணகிரியில். கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் உண்டு, கார் இல்லை. மாதத்தில் ஓரிரு நாள் பெங்களூரு நகருக்குள் அலைய வேண்டியிருக்கிறது: அம்மாவுக்கு ஜெயதேவா இதய ஆஸ்பத்திரியில் செக்கப், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம், இப்படி. கார் பகிர்வு ஆப்பில் உறுப்பினராகி வேண்டும்போது எடுத்து ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்கிறார். நானும் கிருஷ்ணகிரிதான். சில வருடங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கட்டுப்படியாகும். ஆனால் எல்லா நாளுக்கும் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நீங்கள் மிதித்தாலும், சைக்கிளை மரத்தடியில் சாய்த்துவிட்டு மாங்காய் அடித்தாலும் கடைக்காரருக்கு மணி ஓடிக்கொண்டே இருக்கும். செல்ஃப் டிரைவும் அதுதான். கிலோமீட்டருக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், இருந்தாலும் பணம் முக்கியமாக நேரத்துக்குத்தான். அதனால் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, அன்றைக்கு வண்டி எவ்வளவு நேரம் சும்மா நிற்கும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன ஜெயதேவா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் ஓ.பி. சீட்டு, பிறகு ஈ.சி.ஜி., எக்கோ, டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பு, மருந்து வாங்க இன்னொரு வரிசை. மத்தியானம் தாண்டிவிடும். அத்தனை நேரமும் கார் பார்க்கிங்கில் நிற்கும், வாடகையும் பார்க்கிங் காசும் சேர்ந்து ஏறும். இதற்குக் கார் எடுக்கவே வேண்டாம். 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மெட்ரோ மஞ்சள் தடம் திறந்த பிறகு நம் பக்கத்துக்காரர்களுக்குக் கதையே மாறிவிட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். அதில் ஒரு ஸ்டேஷனின் பெயரே ஜெயதேவா ஆஸ்பத்திரி. கிருஷ்ணகிரியில் பெங்களூரு பஸ் ஏறும்போதே பொம்மசந்திராவில் நிறுத்துவார்களா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இறங்கி மெட்ரோ பிடித்தால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தலைக்கு மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்றாலும் ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கிறது. உடம்பு ரொம்ப முடியாத நாளில் வீட்டு வாசலிலிருந்து டாக்ஸியே பேசிவிடுங்கள். நோயாளியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஹோசூர் ரோட்டில் நாமே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

இந்த ஆப் பயன்படுகிற நாள் வேறு. தம்பி கல்யாணத்துக்குப் பெங்களூரு சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க்காரர்கள் அங்கே ஒரே இடத்திலா இருக்கிறார்கள்? அல்சூரில் பெரியப்பா, ஸ்ரீராமபுரத்தில் அத்தை வகையறா, விவேக் நகரில் இரண்டு வீடு, ஜாலஹள்ளியில் ஒன்று, கே.ஆர்.புரத்தில் ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கால் டாக்ஸி புக் பண்ணி, டிரைவர் கேன்சல் பண்ணி, மறுபடி புக் பண்ணி, தாம்பூலத் தட்டும் பழப்பையும் பத்திரிகைக் கட்டும் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்பதை நினைத்துப் பாருங்கள். செல்ஃப் டிரைவ் காரில் சாமானெல்லாம் டிக்கியிலேயே இருக்கும். ஒரு வீட்டில் காபி குடிக்காமல் விடமாட்டார்கள், குடித்துவிட்டுப் போகலாம். டாக்ஸிக்காரர் வெளியே ஹாரன் அடிக்க மாட்டார். வண்டி நிற்கும் நேரத்தைவிட ஓடும் நேரம் அதிகம். கூட மூன்று நான்கு பேர் வந்தால் ஆளுக்கு ஆகிற செலவும் இறங்கிவிடும்.

அன்றைக்கு எங்கள் மாமாவுக்கு மட்டும் மனசே இல்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம்மா, கறுப்பு போர்டு வண்டியிலயா பத்திரிகை வெக்கப் போறது? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்றார். "தெருவுக்குள்ளேயே வண்டி வராது மாமா, முனையிலதான் நிறுத்தணும்" என்றேன். அதுவும் உண்மைதான், ஸ்ரீராமபுரத்து சந்துகள் அப்படி. கடைசியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஏ.சி.யைக் கூட்டச் சொன்னதும் அவர்தான்.

அந்தக் கறுப்பு போர்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலர் ஏமாறுவது இங்கேதான். வாடகைக்கு விட்டு நாமே ஓட்டிக்கொள்கிற காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, அதாவது டி போர்டு. சொந்த உபயோகக் காருக்கு வெள்ளை, அது ஓன் போர்டு. மத்திய அரசின் 1989-ஆம் வருட ரென்ட் எ கேப் திட்டத்தில் உரிமம் வாங்கித்தான் செல்ஃப் டிரைவ் தொழில் நடத்த வேண்டும். அதற்குக் குறைந்தது 50 வண்டியாவது வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் சொல்கிறது. இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "செல்ஃப் டிரைவ் கார் கிடைக்கும், குறைந்த வாடகை" என்று வருவதில் எத்தனை வண்டி கறுப்பு போர்டு என்று பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு ஓன் போர்டு கார்தான். அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ். தனியார் கார் பாலிசியில் வாடகை உபயோகத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று பாலிசித் தாளிலேயே அச்சடித்திருக்கும். சின்னக் கீறல் என்றால் கையிலிருந்து கொடுத்துவிடலாம். ஆள் மேல் மோதிவிட்டால் நஷ்ட ஈடு யார் தலையில் விழும் என்று கோர்ட்டில் வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான். நூறு இருநூறு மிச்சம் என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆப்பில் எடுத்தாலும் சாவியை வாங்கும் முன் போர்டு நிறத்தைப் பாருங்கள், ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் திறந்து பாருங்கள். இப்போது பல ஆப்களில் கார் கம்பெனியுடையதாக இருப்பதில்லை. வெளியாட்கள் தங்கள் வண்டியைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதனால் ஒரே ஆப்பிலேயே வண்டிக்கு வண்டி தரம் மாறும்.

கறுப்பு போர்டு ஓட்ட டாக்ஸி டிரைவர் மாதிரி பேட்ஜ் வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் லைசென்ஸில் எல்.எம்.வி., அதாவது இலகு ரக வாகனம், இருந்தால் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வணிக வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பைக்குக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் செல்லாது, எல்.எல்.ஆரும் செல்லாது. இன்னொன்று, ஆப்பில் பெயர் கொடுத்தவர்தான் ஓட்ட வேண்டும். பாதி வழியில் மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால், வண்டிக்குச் சேதமானால் உதவும் என்று நீங்கள் கூடுதலாகக் கட்டிய பாதுகாப்புத் தொகைக்கும் அர்த்தம் இருக்காது.

உறுப்பினர் என்ற வார்த்தையைப் பார்த்து ஏதோ கிளப் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் அது நிஜமாகவே உறுப்பினர் முறைதான். சுவிட்சர்லாந்தில் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்துகிறார்கள். 1987-இல் தொடங்கிய இரண்டு சங்கங்கள் 1997-இல் இணைந்து மொபிலிட்டி ஆனது. அமெரிக்காவில் 2000-இல் வந்த ஜிப்கார் சந்தா வாங்கிக்கொண்டு, பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் வாடகைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. அங்கே வண்டி உங்கள் தெருவிலேயே நிற்கும், ஒரு மணி நேரத்துக்குக்கூட எடுக்கலாம். 2013-இல் பெங்களூருவில் ஜூம்கார் தொடங்கி இந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்தது. ஆனால் நம் ஊர் ஆப்களில் சேர்வதற்குப் பெரும்பாலும் சந்தா கிடையாது. லைசென்ஸ், ஆதார், ஒரு செல்ஃபி, முடிந்தது. பெட்ரோல் உங்களுடையது. எடுத்தபோது முள் எங்கே இருந்ததோ அங்கேயே விட வேண்டும். சந்தா இல்லை என்பது உங்களுக்கு நல்லதுதான். இரண்டு மாதம் எடுக்காவிட்டால் ஒரு பைசாவும் போகாது.

சொந்தக் காரோடு ஒப்பிடுவோம். 7 லட்ச ரூபாய்க் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் ஷோரூம்களில் கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்குச் சாலை வரி 13 சதவீதம். 7 லட்சத்துக்கு 91,000 ரூபாய், கார் ஒரு அடி நகர்வதற்கு முன்பே. 6 லட்சம் லோன் போட்டு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 12,450. இன்சூரன்ஸ், சர்வீஸ், ஓட்டாமல் நின்றே சாகிற பேட்டரி எல்லாம் தனி. செல்ஃப் டிரைவில் சின்ன ஹேட்ச்பேக் நான் பார்த்த வரையில் நாளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பண்டிகை வாரத்தில் எகிறும். மாதம் இரண்டு நாள் எடுத்தாலும் தவணையில் பாதியைத் தொடாது. மாதம் ஐந்தாறு நாள் என்று போய்விட்டால் அப்போது ஷோரூம் பக்கம் போகலாம்.

வண்டியைப் பெங்களூருவில் எடுத்துப் பெங்களூருவிலேயே விடுங்கள், கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவராதீர்கள். ஆப்பைத் திறந்தால் கார்கள் குவிந்து கிடப்பது எலக்ட்ரானிக் சிட்டி, பி.டி.எம்., எச்.எஸ்.ஆர். பக்கம்தான். அதில் ஒன்றை இங்கே ஓட்டி வந்தால் போக வர சுமார் 150 கிலோமீட்டர் வரம்பில் கழியும், ராத்திரி முழுக்க உங்கள் வாசலில் நின்றபடி வாடகை ஏறும். டோலும் இருக்கிறது: கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, மேலே ஏறினால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம். 3,000 ரூபாய்க்கு 200 முறை என்று 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்த உபயோக வண்டிக்கு மட்டும்தான், கறுப்பு போர்டுக்குக் கிடையாது. கர்நாடகா வண்டி என்றால் தமிழ்நாட்டுக்குள் வரப் பெர்மிட் இருக்கிறதா என்ற கேள்வியும் மாநில எல்லையில், ஜூஜூவாடியில் காத்திருக்கும். பஸ்ஸில் போய், எலக்ட்ரானிக் சிட்டியில் சாவி வாங்கி, சாயந்திரம் அங்கேயே கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவதுதான் சுகம்.

வண்டி எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நான்கு பக்கமும், பம்பரின் அடிப்பகுதியும், வீல் கப்பும், ஸ்டெப்னியும், ஓடோமீட்டரும் தெரிகிற மாதிரி ஒரே வீடியோவாக எடுங்கள், வெளிச்சத்தில் எடுங்கள். விடும்போதும் அதே மாதிரி. எனக்கு ஒருமுறை, பின்கதவில் முன்பே இருந்த கீறலுக்கு டெபாசிட்டில் பணம் பிடித்தார்கள். வீடியோ அனுப்பியதும் திரும்ப வந்தது, ஆனால் சில வாரம் இழுத்தது. சிக்னல் தாண்டினாலோ நோ பார்க்கிங்கில் நிறுத்தினாலோ பெங்களூருவில் கேமரா பிடித்துவிடும். அபராதம் வண்டி ஓனர் பெயருக்குப் போய், சுற்றிவந்து உங்கள் கணக்கில் கழியும். ஒன்வே ரொம்ப உண்டு, மேப் சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு திரும்பாதீர்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கிருஷ்ணகிரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் இந்த ஆப் உதவாது. 108 இருக்கிறது, தெரிந்த டாக்ஸிக்காரர் நம்பர் இருக்கிறது. அந்த பயத்துக்காகக் கார் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுக்க மாட்டேன், அது வேறு கணக்கு. திருவண்ணாமலை, ஒகேனக்கல் என்று மாதாமாதம் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் சொந்தமாக வாங்கலாம். பெங்களூருவுக்குள் சுற்றுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

முகூர்த்த நாள், தசரா, பொங்கல் வாரங்களில் சின்னக் கார்கள் முதலில் தீர்ந்துவிடும். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள், எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் பணம் முழுசாக வரும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். திருப்பி விடும் நேரத்தைச் சாயந்திரம் ஆறு மணி என்று மட்டும் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் சில்க் போர்டைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர்வதற்குள் தாமதக் கட்டணம் ஆரம்பித்துவிடும். ஒன்று நான்கு மணிக்குள் விடுங்கள், இல்லையென்றால் ஒன்பது மணி என்று போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்ப ஒன்பதுக்கு மேலும் பஸ் உண்டு.