கூலாஷுக்குக் கேரவே இல்லையென்றால் சீரகம் போடலாமா?

ஹங்கேரியின் மாட்டிறைச்சிக் குழம்பான கூலாஷின் செய்முறையில் கேரவே விதை கேட்டிருக்கிறார்கள், வீட்டில் சீரகம்தான் இருக்கிறது என்கிறீர்கள். தயவுசெய்து சீரகம் வேண்டாம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மணம் முற்றிலும் வேறு. கூலாஷ் நம் ஊர்க் குழம்பாகிவிடும். கேரவேக்கு மணம் தருவது கார்வோன் என்ற சேர்மம். அது சதகுப்பை விதையிலும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை வாங்கித் துணிந்து போடுங்கள்.

கேரவேயே கிடைத்தால் முழு விதையாக வாங்குங்கள். பொடியில் மணம் சீக்கிரம் போய்விடும். அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி போதும். ஒன்றிரண்டாக இடித்து, வெங்காயம் பொன்னிறமானதும் சேருங்கள். அடுத்து பாப்ரிகாத் தூள் (ஒருவகைச் சிவப்பு மிளகாய்த் தூள்) போடும்போது மட்டும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். மீதி விதை முட்டைக்கோஸ் வதக்கலுக்கு அருமையாக இருக்கும்.