புகைமூட்டம் வந்தால் பிள்ளைக்கு வீசிங்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: செப்டம்பரில் புகைமூட்டம் வந்தாலே என் 7 வயது மகனுக்கு வீசிங் வருகிறது. கடைத்தொகுதியில் ஒருவர் காற்றைச் சுத்தம் செய்யும் என்று ஓர் அயனிக் கருவியைக் காட்டி, "இது இருந்தால் முகக்கவசமே வேண்டாம்" என்கிறார். வாங்கலாமா? மகனுக்கு என்95 போடலாமா?
- ஒரு தாய், சிங்கப்பூர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிமண் நிலமும் எரிந்து வரும் புகையில் நம்மைப் படுத்துவது பிஎம் 2.5 நுண்துகள். தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் அடிவரை போய்விடும். அதை வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். அயனிக் கருவிகளில் சில ஓசோனையும் கக்கும். வீசிங் பிள்ளைக்கு அது இன்னும் கெடுதல். தண்ணீரில் வாசனைத் திரவம் ஊற்றிச் சுழற்றும் இயந்திரம் மணக்கும், அவ்வளவுதான். ஹெபா என்பது நுண்துகளைப் பிடிக்கும் அடர்ந்த வடிகட்டி. பெட்டியில் 'ஹெபா வகை' என்று எழுதியிருந்தால் அது ஹெபா அல்ல. உண்மையான ஹெபா வடிகட்டியா, உங்கள் படுக்கையறைப் பரப்புக்குப் போதுமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பயந்துபோன தாய்மாரைக் குறிவைத்து விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பெரியவர்களின் என்95 சின்ன முகத்தில் ஒட்டாது, கன்னத்தோரம் புகை நுழையும். மகனை ஜன்னல் அடைத்த ஓர் அறையில், அந்த வடிகட்டியோடு வைத்திருப்பதே நல்லது. சாதாரண அறுவை முகக்கவசமும் ஈரக் கைக்குட்டையும் இந்தத் துகளைத் தடுக்காது. நீங்கள் வெளியே போனால் என்95 போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் புரட்டாசி விரதத்துக்குத் தாடி விடுபவரா? புரட்டாசியும் புகைமூட்டமும் பல ஆண்டு சேர்ந்தே வருகின்றன. நாலு நாள் தாடி போதும், என்95இன் விளிம்பு தோலில் படியாது. இடுக்கு வழியே இழுக்கிற காற்று வடிகட்டாத காற்று. கவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் மணிக்கணக்காக வெளியே நின்றுவிட்டு இருமிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விரதத்தை முறிக்கச் சொல்லவில்லை. தாடி இருக்கும்வரை வெளிவேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாம்பிராணியையும் இந்த நாள்களில் தள்ளிவையுங்கள். அடைத்த வீட்டில் அதுவும் அதே நுண்துகள்தான்.

செய்தியில் பெரிதாகச் சொல்லும் பிஎஸ்ஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, 24 மணி நேரச் சராசரி. இப்போது திடலுக்கு அனுப்பலாமா என்பதற்கு ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். 55ஐத் தாண்டினால் உங்கள் மகனுக்குத் திடல் வேண்டாம். இதைக்கூடப் பெற்றோரே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது! ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014இல். நடுவில், 2013 ஜூனில், இங்கே 3 மணி நேர பிஎஸ்ஐ 401 தொட்டது. பிள்ளைகளின் நுரையீரல் அதுவரை காத்திருக்குமா?

தினமும் எடுக்கிற தடுப்பு இன்ஹேலரை, நன்றாக இருக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள். உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலர் கொடுத்தும் மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, டாக்டர் சந்திப்பு நேரம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.