வடகடல், தென்கடல், வீட்டுக் குழம்புச் சட்டி: கேள்வி பதில்

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் பிறந்து, விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவை வடகடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வோம். கடல் சூடேறுவதால் நம் கரையோர மக்களின் சாப்பாடும் உடம்பும் என்னவாகின்றன என்பது குறித்து வந்த கேள்விகளில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மருந்துச் சீட்டு என்னிடம் கிடைக்காது.

பாம்பன் வாசகி: அம்மா, எங்கள் அப்பத்தா கஞ்சிப்பாசியில் கஞ்சி காய்ச்சுவார்கள். இப்போது தெருவில் ஒருவரும் காய்ச்சுவதில்லை. கடல் சூடானதுதான் காரணமா?

அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவள் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே எழுதுகிறேன். கடலிலிருந்து கருஞ்சிவப்பாக வரும் பாசியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் விரிப்பதும், மாலையில் மறுபடி அலசி மறுநாள் விரிப்பதுமாக, அது வைக்கோல் வெள்ளையாகும் வரை எங்கள் வீட்டில் ஒரு பனை ஓலைப்பாய் அதற்கென்றே கிடக்கும். பிறகு கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்தால் கஞ்சி. அப்படி அலசுவதற்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் வேண்டும். கிணறுகள் உவர்த்துப்போன ஊரில், விலைக்கு வாங்கிய தண்ணீரில் பாசி அலச யாருக்கு மனம் வரும்?

ஆகவே கடலை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைக்குக் காய்ந்த பாசியை விற்றால் கையில் காசு வருகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்ததால், பழைய பாசி இடங்களுக்குப் போவதும் கடினமாயிற்று. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கும் நம் பெண்கள், அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள் என்று தாங்களே வரம்பு கட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். வெப்பம் இவற்றுக்கு மேல் விழுந்த சுமை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் 2010-இலும் 2016-இலும் வெளுத்தன. அந்தப் பாறைகளை அண்டி வாழும் மீனுக்கும் அது சேர்ந்த நட்டம்.

தொண்டி வாசகர்: நம் பாரம்பரிய மீனான பேச்சாளை ஒரு வருடம் குவிகிறது, மறு வருடம் கண்ணிலேயே படுவதில்லை. ஏன்?

பேச்சாளை, அதாவது நெய்மத்தி, நம் பாரம்பரிய மீன் அன்று. 1980-களின் நடுப்பகுதி வரை அதன் பிடிப்பு ஏறக்குறைய முழுவதும் மலபார்க் கரையில்தான். அதன் பிறகே கிழக்குக் கரையில் பேரளவில் பட ஆரம்பித்தது. கடல் வெப்பமானதை அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். இந்தியப் பெருங்கடல் 1950-க்குப் பிந்தைய 70 ஆண்டுகளில், நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி செல்சியஸ் என்ற வேகத்தில் சூடேறியிருக்கிறது. நம் சட்டிக்குச் சொந்தக்காரர்கள் சூடையும் காரலும். முள்ளோடு மென்று தின்னும் அந்தப் பொடி மீன்கள்தாம், பால் வாங்க வழியில்லாத வீடுகளுக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்தவை.

மீன் எதுவானாலும் என் பழைய எச்சரிக்கை உண்டு. பேச்சாளை, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவற்றை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அதைக் கொதிக்க வைத்தாலும் போகாது. தின்ற சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும்.

இராமேஸ்வரம் நாட்டுப்படகு மீனவர்: டீச்சர், எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்டி விசைப்படகைத் தப்பவிடுகிறீர்களே. காரல் காணாமல் போனது விசைப்படகு இழுக்கும் இழுவை மடியால், அந்த வலையால்.

அதற்கு ஒரு விசைப்படகு உரிமையாளர்: நாங்கள் வருடத்துக்கு 61 நாள் படகைக் கரையில் கட்டுகிறோம், வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகிறோம். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

இருவரும் கோபப்பட்டுப் பயனில்லை, தம்பிகளே. வடகடல் ஆழமற்றது, பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. அதனால் வெயில் அங்கே சீக்கிரம் ஏறுகிறது, மடியும் அங்கே எளிதாகத் தரையைத் தொட்டு, மீன் குஞ்சு வளரும் கடற்புல்லைப் பெயர்க்கிறது. சூட்டில் ஏற்கெனவே நலிந்திருப்பதை மடி வந்து வழித்தெடுக்கும்போது, எது கொன்றது என்று பாதி பாதியாகப் பிரித்துக் காட்ட என்னால் முடியாது.

நான் சண்டை போட விரும்பும் இடம் வேறு. சங்காயம், அதாவது கழிவு மீன், என்று கூடையில் ஒதுக்குகிறீர்களே, அதைக் கிளறிப் பாருங்கள்: நகமளவு காரல், சூடைக்குஞ்சு, நெத்திலி. அது லாரியேறிக் கோழித்தீவனமாகிறது. பிறகு கறிக்கோழியாகத் திரும்பி வந்து, அதைப் பிடித்தவர் வீட்டிலேயே விலைக்கு விற்கிறது. 61 நாள் கட்டுவதை நான் மதிக்கிறேன். ஆனால் மீதி நாள்களில் மடியின் கண் எவ்வளவு சிறியது என்பதற்கு அது பதிலாகாது. நாட்டுப்படகுத் தம்பியும், வலையில் ஏறும் குஞ்சைத் திருப்பி விடுகிறோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மறுபடி விசைப்படகு உரிமையாளர்: கண்ணைப் பெரிதாக்கினால் டீசல் காசு தேறாது.

அது உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. டீசலைக் குறித்து என்னிடம் விடை இல்லை.

பெரியபட்டினம் வாசகர்: பூங்கோரை வந்து கடல் பச்சையானால் மீன் சாப்பிடலாமா?

2019 செப்டம்பரில் அப்படி வந்தபோது கரையில் மீன் செத்து ஒதுங்கியது. பூங்கோரை என்னும் அந்த நுண்பாசி பெருகி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைவதே பெரும்பாலும் மீனைக் கொல்கிறது. துடிக்கிற மீனை வாங்குங்கள். செத்து ஒதுங்கியதைத் தொடவே வேண்டாம். எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்? ஹிஸ்டமின் உண்டாகியிருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது.

கீழக்கரை வாசகி: காலம் தவறி மழை பெய்வதால் கருவாடு புழுத்துப் போகிறது. உப்பைக் கூட்டலாமா?

கருவாடு பிழைக்கும், இரத்த அழுத்தம் ஏறும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. உவர்க்கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வீட்டில் அதிலும் ஒரு பங்கு வயிற்றுக்குள் போய்விடுகிறது. மணலில் விரிக்காமல், இடுப்பு உயரப் பரணில் வலை கட்டிக் காய வையுங்கள். கீழே காற்று ஓடினால் ஈரம் சீக்கிரம் போகும், தார்ப்பாய் போடவும் வசதி. சமைக்குமுன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தங்கச்சிமடம் வாசகி: மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. சுறாப்புட்டு கொடுக்கலாமா?

சின்னப் பால்சுறா எப்போதாவது கொடுக்கலாம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், வேண்டாம். காரல் குழம்பு வையுங்கள், பாலூறும் என்று நம் பெரியவர்கள் கொடுத்ததும் அதுதான்.

மண்டபம் வாசகர்: மூங்கில் மிதவையில் வளர்க்கும் பெப்சி பாசியைக் கஞ்சிக்குப் போடலாமா?

நம் கஞ்சிப்பாசி வேறு, அது வேறு. பெப்சி பாசி என்பது கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, ஆலைக்கு வளர்ப்பது. சூடு அதையும் விடவில்லை, 2013-14-இல் பெருமளவில் அழிந்தது.

பரமக்குடி வாசகர்: எனக்குச் சர்க்கரை. எந்த மீன் சாப்பிட வேண்டும்?

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள், ஐயா.

தேவிபட்டினம் வாசகர்: சூரை லேசாக வாடை அடித்தது. புளி கூட்டி நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் அல்லவா?

மேலே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். போகாது.

பாம்பன் வாசகி, மீண்டும்: பாசியை எத்தனை நாள் அலசிக் காய வைக்க வேண்டும், அம்மா?

எங்கள் வீட்டில் நாள் கணக்கு வைத்ததில்லை. வெள்ளையான பாசியைக் கையில் கசக்கினால் சரசரவென்று ஒடியும், கடல் வாடை அடிக்காது. அதுவரை.