மெய்க்காவலர் வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்தால்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. காவலாளிப் பயிற்சி முடித்தும் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை கிடைக்கவில்லை. ரஷ்யாவில் ஓராண்டு மெய்க்காவலர் பயிற்சி, டிக்கெட் இலவசம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்கிறார் ஓர் ஏஜெண்ட். ஒப்பந்தம் ரஷ்ய மொழியில் இருக்கிறது. போர்முனைக்கு அனுப்ப மாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார். அனுப்பலாமா? (டர்பனையடுத்த பீனிக்ஸிலிருந்து ஒரு தாய்)

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. பணமும் கட்டாதீர்கள்.

2025 நவம்பரில், ரஷ்யா போர் நடத்தும் உக்ரைனின் டோன்பாஸ் பகுதியில் சிக்கிய 17 தென்னாப்பிரிக்கர்கள் உதவி கேட்டுக் கதறியதாக நம் அதிபர் அலுவலகமே அறிவித்தது. எல்லோரும் 20 முதல் 39 வயதுக்காரர்கள். 16 பேர் நம் குவாசூலு-நட்டால் மாகாணப் பிள்ளைகள். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள்.

அரசு அனுமதியின்றி வெளிநாட்டுப் போரில் ஒரு தரப்புக்கு உதவுவது நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி தூக்கினால்தான் குற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். போரில் ஈடுபட்டவருக்கு மெய்க்காவல் நிற்பதும், ஆள் சேர்த்துக் கொடுப்பதும் அதில் அடங்கும். அங்கே செய்ததற்கு இங்கே வழக்கு வரும்.

ஒரு விலக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏஜெண்டுகள் அதைத்தான் தூண்டிலாக வீசுகிறார்கள். பொதுமக்களின் துயர் துடைக்கும் பணிக்குச் சட்டம் தடை சொல்லவில்லை. உடனே, "உங்கள் மகனை மருத்துவ உதவியாளர் என்று எழுதிவிடுகிறோம்" என்பார்கள். குண்டு விழுந்த தெருவில் ஒரு பாட்டிக்குக் கட்டுப் போடுவது தொண்டு. அதே கட்டை முகாமில் சிப்பாய்க்குப் போட்டால், அது போரிடும் தரப்புக்குச் செய்த உதவி. காகிதத்தில் எந்தப் பதவி எழுதியிருக்கிறது என்பது உங்களைக் காப்பாற்றாது. யாருக்குப் பணி செய்தான், யார் சம்பளம் கொடுத்தார்கள் என்றுதான் கேட்பார்கள்.

இனி அந்த ஏஜெண்ட். 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைச் சட்டப்படி, தனியார் வேலை முகவர் தொழிலாளர் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடி வருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ரஷ்யாவுக்கு விசாவே தேவையில்லை என்று ஏஜெண்டுகள் சொல்வதும் பாதி உண்மைதான். 2017 முதல் நமக்குள்ள சலுகை 90 நாள் சுற்றிப் பார்க்க. வேலை செய்ய அல்ல.

சென்ற ஆண்டு ஓர் இளைஞன் தன் ஒப்பந்தத்தை என் மேசையில் பரப்பினான். எல்லாப் பக்கமும் ரஷ்ய எழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் கையெழுத்து. அவனால் வாசிக்க முடிந்தது அந்தக் கையெழுத்தை மட்டுமே. 1860இல் சென்னையில் கப்பலேறிய நம் முன்னோர் இங்குள்ள கரும்புத் தோட்டத்துக்குக் கைநாட்டு வைத்ததும் இப்படித்தான். அவர்களுக்குப் படிப்பு இல்லை. இவன் மெட்ரிக் தேறியவன்!

கூலிப்படை வேலையைக் கடுமையாகத் தடுக்க 2006இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் கிடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் பதுங்குகுழியிலிருந்து போன் செய்த பிறகுதான் அதிகாரிகள் விழிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மகன் அவசரப்பட்டுக் கிளம்பிவிட்டால், பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காமல் மாஸ்கோவிலுள்ள நம் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஏஜெண்டின் வாட்ஸ்அப் செய்தி, குரல்பதிவு, ரசீது எதையும் அழிக்காதீர்கள். அவற்றோடு காவல் நிலையம் போங்கள். நாளை வா என்பார்கள். வழக்கு எண்ணை எழுதித் தரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.