வயதான பிறகு உறவும் நட்பும் கொண்டாட்டமும் கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பழகியவர்களின் வட்டமும் சுருங்கிவிட்டது, இனி கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அறுபதைத் தாண்டியவன்தான். என்னைக் கேட்டால், யாராவது வந்து ஆரம்பித்து வைப்பார்கள் என்று காத்திருப்பதுதான் இந்த வயதின் பெரிய தொல்லை. ஆரம்பிக்கிற ஆள் நீங்களாகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில், வட்டம் சுருங்குவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தோன்றும்போது, மனிதர்கள் தாங்களாகவே மேலோட்டமான பழக்கங்களை விட்டுவிட்டு மனசுக்கு நெருக்கமானவர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்வது. நாமே விட்டவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கவனிக்காமல் விட்டதால் விலகிப் போனவர்கள்தான் வேறு கணக்கு. ராத்திரி நேரத்தில் ஒரு அவசரம் என்றால் தயங்காமல் யாரையெல்லாம் கூப்பிடுவீர்கள்? அந்தப் பட்டியலில் நாலைந்து பேர் இருந்தாலே போதும்.

குடும்பத்தைவிட நட்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். குடும்பத்தில் கடமை என்று ஒன்று இருக்கிறது. கோபம் இருந்தாலும் கல்யாணத்துக்கு வந்துவிடுவார்கள். நட்பில் அது கிடையாது. இரண்டு பேரும் சும்மா இருந்தால் சத்தமில்லாமல் அற்றுப்போகும். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கிற ஓர் ஆய்வு, சில நூறு பேரை இளம் வயதிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. (ஆரம்பத்தில் எல்லாருமே ஆண்கள், அதுவும் அமெரிக்கர்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.) ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரால் அளவைவிட அதுதான் முன்கூட்டிச் சொல்லியது என்கிறார் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். ஓய்வு பெற்றவர்களில் மகிழ்ச்சியாக இருந்தவர்கள், அலுவலகச் சகாக்களின் இடத்தில் வேறு தோழர்களைத் தேடிப் பிடித்தவர்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். தானாக யாரும் வந்து சேரவில்லை, தேடிப் பிடித்தார்கள்.

புது நட்பு தேவைதான். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. பழைய நண்பரிடம் அந்த 200 மணி நேரம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. ஒரு போன் போட்டால் போதும்.

அந்த ஒரு போனைப் போடுவதற்குத்தான் எவ்வளவு தயக்கம்! இத்தனை வருஷம் கழித்து என்ன பேசுவது, எதற்கோ உதவி கேட்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிடுவானோ என்றெல்லாம் ஓடும். எதிர்பாராமல் தேடிப் பேசியவரை மற்றவர் எவ்வளவு பாராட்டுகிறார் என்பதை நாம் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று 2022-இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. நடைமுறையில் எப்படியிருக்கும் என்றும் சொல்கிறேன். எடுத்ததும் மறுமுனையில் "என்ன, எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று ஒரு பதற்றம் வரும். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொன்னால் நம்ப மாட்டார். அதனால் கையில் ஒரு கேள்வியோடு போங்கள். "சாக்பீஸை விட்டெறிவாரே கணக்கு வாத்தியார், அவர் பேர் என்ன? காலையிலிருந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது." அவ்வளவுதான். அவருக்கும் பெயர் வராது, ஆனால் அந்த வகுப்பில் இருந்த மற்ற எல்லாரும் வரிசையாக வந்துவிடுவார்கள். வைப்பதற்குள் அடுத்த பேச்சுக்கு ஒரு கிழமையைச் சொல்லிவிடுங்கள். "அப்புறம் பேசலாம்" என்பது பேசாமலிருப்பதற்கான மரியாதையான வழி.

குடும்பத்துக்கு வருகிறேன். எல்லாரும் கூடியிருக்கும்போது பெரியவர் ஒருவர் எதற்கும் புன்னகையோடு தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார். "அவருக்குக் கூட்டம் பிடிக்காது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரம் அது காது சம்பந்தப்பட்டது. வயதாகும்போது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் சத்தம் கேட்கும், ஆனால் ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் நழுவி, என்ன சொன்னார்கள் என்பது புரியாது. டிவியும் ஓடி, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தீர்ந்தது. திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்கக் கூச்சம். நகைச்சுவையை இரண்டாம் முறை சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்?

காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தேவையென்றால் கருவி வைத்துக்கொள்ளுங்கள், இதில் வீம்பு வேண்டாம். கூட்டத்தில் சுவரோரமாக, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேரோடு பேச முயற்சி செய்யாமல் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். பேரப்பிள்ளைகளிடமும் அதே வழிதான்: கும்பலாக இருக்கும்போது அவர்களுக்கு நீங்கள் வெறும் தாத்தா, தனியாக ஒன்றைக் கூட்டிக்கொண்டு நடந்தால்தான் பள்ளியில் யாரோடு சண்டை என்பது வெளியே வரும்.

இன்னொன்று, விசேஷத்தில் நாற்காலியில் உட்காரவைக்கப்படும் விருந்தாளியாக ஆகிவிடாதீர்கள். ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பது, கணக்கு எழுதுவது, பழைய புகைப்படங்களை எடுத்துவைப்பது, எதுவானாலும் சரி. அன்பினால்தான் "நீங்க சும்மா உட்காருங்க" என்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே மனிதன் ஓரமாகிவிடுகிறான்.

சின்னக் கொண்டாட்டங்களுக்கு ஆள்பலம் தேவையில்லை, தேதி போதும். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, வைத்த செடி முதல் பூ விட்டது, எதிர்வீட்டுப் பெண் பரீட்சையில் தேறினாள், எல்லாமே சாக்குதான். முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லிவிட்டால், அந்த நாள் வரும்வரை எதிர்பார்ப்பு இருக்கும். எனக்கு அதில்தான் பாதி சுகம்.

இறந்தவர்களைப் பற்றி அன்றைக்குப் பேசலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பேசுங்கள், அவர்கள் அடித்த கூத்தைச் சொல்லிச் சிரியுங்கள். துணையை இழந்தவரின் முதல் வருஷம் மட்டும் விதிவிலக்கு. அவரைக் கூப்பிடாமல் விட்டுவிடாதீர்கள், கட்டாயமும் படுத்தாதீர்கள். வந்து அரைமணி நேரத்தில் கிளம்பினால் ஏன் என்று கேட்காமல் ஒருவர் கூடப் போய் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.