777 போட்டும் தீராத வழக்கு: லினக்ஸ் கேள்வி பதில்

நாகர்கோவிலில் ஒரு பிரஸ்ஸின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். யூசர், குரூப் பற்றி நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மார்த்தாண்டம் தங்கை: அண்ணா, யூசரின் விவரங்களை மாற்றும் யூசர்மாட் (usermod) கட்டளையில் பெரிய ஜி (-G) போட்டு என்னை டிசைன் குரூப்பில் சேர்த்தேன். மறுநாள், நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ (sudo) வேலை செய்யவில்லை.

'இருப்பதோடு சேர்' என்னும் சின்ன ஏ-யை (-a) விட்டுவிட்டாய், அம்மா. பெரிய ஜி மட்டும் போட்டால் "இனி இந்தக் குரூப் மட்டும் போதும்" என்று அர்த்தம். மற்ற துணைக் குரூப்புகள் போய்விடும், சூடோவும் அதில் ஒன்று. உபுண்டு என்றால் ரெக்கவரி மோடில் ஏறி, இந்த முறை ஏ-யும் ஜி-யும் சேர்த்துப் போடு.

தக்கலை நண்பர்: குரூப்பில் பெயர் இருக்கிறது, ஃபோல்டர் திறக்கவில்லை.

லாகவுட் செய்து மறுபடி நுழையுங்கள். குரூப் பட்டியல் லாகின் நேரத்தில்தான் ஒட்டும்.

குளச்சல் நண்பர்: ஐந்து பேர் ஒரே ஃபோல்டரில் வேலை செய்கிறோம். எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டும், ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவர் திருத்த முடியவில்லை.

777 அந்த ஃபோல்டருக்கு மட்டும்தான். அதற்குள் புதிதாகப் பிறக்கும் கோப்பின் அனுமதியில் எதைக் கழிப்பது என்று சொல்வது யூமாஸ்க் (umask). அது 022 என்றால் கோப்புக்கு 644 கிடைக்கும், அதாவது எல்லாரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம். ஆனால் அழிப்பது ஃபோல்டரின் விவகாரம். ஆகவே திருத்த முடியாத கோப்பை யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம்! ஐந்து பேரையும் ஒரு குரூப்பில் போட்டு, ஃபோல்டரை சிஹெச்ஜிஆர்பி (chgrp) கட்டளையால் அந்தக் குரூப்புக்கு மாற்றி, 2770 கொடுங்கள். முதலில் வரும் 2, புதுக் கோப்புகளுக்கும் அதே குரூப்பைக் கொடுக்கும். 770 என்றால் உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஐவருக்கும் யூமாஸ்க் 002 வையுங்கள், அப்போது புதுக் கோப்பில் குரூப்பும் எழுதலாம். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளின் குரூப்பையும் அனுமதியையும் ஒருமுறை கையால் மாற்றத்தான் வேண்டும். அவசரத்தில் நானும் ஒருநாள் என் ஹோம் முழுக்க 777 போட்டேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH), பாஸ்வேர்டுக்குப் பதில் நான் வைத்திருக்கும் சாவிக் கோப்பை ஏற்காமல் வெளியே நிறுத்திவிட்டது. யாரும் மாற்றக்கூடிய ஹோமில் இருக்கும் சாவியை நம்ப முடியாது, அது செய்ததுதான் சரி.

குலசேகரம் ரப்பர் கடைக்காரர்: தம்பி, வேலையை விட்டுப் போன பையனின் அக்கவுண்டை அழித்தேன். புதிதாக வந்த பெண்ணின் பெயரில் அவன் கோப்புகள் தெரிகின்றன. பேயா பிசாசா?

பேய் இல்லை, அண்ணாச்சி. கோப்பில் பதிவாவது பெயரல்ல, எண். அவனுக்கு 1004 என்றால், காலியான அதே 1004 அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கும். பழைய கோப்புகளை, உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இனி யாரையும் உடனே அழிக்காதீர்கள், பூட்டி வையுங்கள். யூசர்மாடில் பெரிய எல் (-L) போட்டால் பாஸ்வேர்டு மட்டும்தான் பூட்டும், எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் உள்ளே வந்துவிடுவார். ஆகவே சேஜ் (chage) கட்டளையில் பெரிய இ (-E) போட்டு 0 கொடுங்கள். அக்கவுண்டே காலாவதியாகிவிடும்.