ஏபிஎஸ் பெட்டியை மாற்றுவதற்கு முன்

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் கார் எட்டு ஆண்டுப் பழையது. சென்ற மாதம் முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங்கை மாற்றினேன். அதன்பின், காரைக் கிளப்பியதும் அணைந்துவிடும் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்குகள் இரண்டும், வாகன நிறுத்துமிடத்தைவிட்டு வெளியே வந்து சிறிது தூரம் போனதும் மஞ்சளாக எரிகின்றன. பட்டறையில் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?”

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஏபிஎஸ் என்பது அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளந்து அதற்குச் சொல்கிறது. விளக்கு எப்போது எரிகிறது என்று நீங்கள் கவனித்துச் சொன்னது மிகவும் பயனுள்ள தகவல். சென்சாரின் வயர் அறுந்திருந்தாலோ பெட்டியின் உள்ளே மின்கோளாறு இருந்தாலோ, பெரும்பாலும் சாவியைத் திருப்பிய சில நொடிகளிலேயே தன்சோதனையில் அது பிடிபட்டு, விளக்கு அணையாமலே நின்றுவிடும். நகரத் தொடங்கிய பிறகு எரிகிறது என்றால், மூன்று சக்கரங்கள் வேகத்தைச் சொல்லும்போது நான்காவது மௌனமாக இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் அமைப்பு) அதே சக்கர வேகத் தகவலை நம்பியே இயங்குவதால் இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரிகின்றன. அவை இரு வேறு பழுதுகள் அல்ல.

என் ஐயம் புதிய பேரிங்கின்மீதே விழுகிறது. இன்றைய பல கார்களில், சென்சார் படிக்க வேண்டிய காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்து அடைப்பிலேயே அமைந்திருக்கிறது. பார்வைக்கு அது சாதாரணக் கறுப்பு ரப்பர் அடைப்பைப் போலவே இருப்பதால், கைதேர்ந்தவர்கள்கூட அவசரத்தில் பேரிங்கைத் திருப்பி அழுத்திவிடுவதுண்டு. வளையமே இல்லாத பேரிங்கைத் தவறுதலாக வாங்கிப் பொருத்தியிருக்கவும் கூடும். இரண்டு நிலையிலும் சக்கரம் குறையின்றிச் சுழலும், சத்தமும் வராது. சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இதை உறுதிசெய்ய, எஞ்சின் கோளாறுகளை மட்டும் காட்டும் மலிவான கருவி போதாது. ஏபிஎஸ் பகுதியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஒருவர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் பார்க்கட்டும். இடது முன்சக்கரம் மட்டும் 0 என்று நின்றால், பழுது அந்தச் சக்கரத்தின் பக்கம்தான் என்று கொள்ளலாம். அடுத்து, பேரிங் வேலையின்போது சென்சார் வயர் இழுபட்டதா, கனெக்டர் முழுமையாகப் பொருந்தியதா, சென்சாரின் முனை அடிபட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காந்த வளையத்தைப் படிக்கும் சென்சாரை மல்டிமீட்டரால் மின்தடையை (ஓம்) அளந்து சோதிக்கக் கூடாது. பழைய சுருள்வகைச் சென்சாருக்கே அது பொருந்தும். புதியவகையில் அளவு பொருளற்றது, சென்சார் கெடவும் வாய்ப்புண்டு.

பேரிங் திரும்பியிருந்தால், கழற்றும்போது அது பெரும்பாலும் சேதமடையும் என்பதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும். பொருத்துமுன் இரு முகங்களிலும் ஒரு காகிதக் கிளிப்பை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக ஈர்க்கும் முகமே சென்சாரை நோக்கியிருக்க வேண்டும்.

அதுவரை வழக்கமான பிரேக் வேலை செய்யும், ஆனால் மழையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆகவே விரைவுச்சாலையில் முன்வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விடுங்கள். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் காரை ஓட்ட வேண்டாம், இழுவை வண்டியை அழையுங்கள்.